லாரிக்கு ஏது ஒரிஜினல்?

செமஸ்டர் லீவில் என்ன செய்தாய் என்று வகுப்பில் எல்லோரும் கேட்டார்கள். "லாரிக்கு டிங்கரிங் பார்த்தேன்" என்றேன். ஒருவரும் நம்பவில்லை. முழங்கையில் இருந்த தீக்காயத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். அப்போது ஒரு நண்பன் கேட்டான்: "பழைய வண்டியை ஒரிஜினலா கொண்டுவர்றீங்களா, இல்ல மாடிஃபை பண்றீங்களா?" சாதாரணக் கேள்விதான். ஆனால் இரண்டு மாதம் அந்த வண்டியோடு கிடந்தும் எனக்கு நேராகப் பதில் சொல்ல வரவில்லை. பதில் தேடப் போய் நம் ஊர் லாரிகளின் சரித்திரத்துக்குள் விழுந்துவிட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். 1968ல் பதிவான டாடா மெர்சிடிஸ் பென்ஸ் 1210. இதில் 12 என்பது வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை, டன்னில். 10 என்பது இன்ஜின் சக்தி, ஏறக்குறைய நூறு குதிரைத்திறன். இன்றைக்கு ஒரு சுமாரான காருக்கே இவ்வளவு சக்தி இருக்கிறது. அந்த நூறு குதிரையை வைத்துக்கொண்டு எங்கள் தாத்தா நாக்பூர் வரைக்கும் சரக்கு ஏற்றிப் போயிருக்கிறார். மூன்று பங்காளிகளோடு சேர்ந்து வாங்கிய வண்டி. 1994ல் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் பெரியப்பா பட்டறைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் விட்டுவிட்டார்கள். அதன் பிறகு கோழிகள் அதில் குடியிருந்தன. நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயாலேயே ஹாரன் அடித்து ஊர் ஊராகப் போயிருக்கிறேன். போன வருஷம் தாத்தா இறந்த பிறகு, பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. பெரியப்பா ஒரே வார்த்தையில் "ஓட்டிக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் வேலை ஆரம்பமானது.

வண்டியின் மூக்கில் ஒரு நட்சத்திரம் இருந்த இடம் தெரிகிறது. நட்சத்திரம் இல்லை, யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் அந்த நட்சத்திரத்துக்கு ஒரு கதை உண்டு. டெல்கோ என்ற டாடா கம்பெனி 1945ல் ஜாம்ஷெட்பூரில் ரயில் இன்ஜின் செய்வதற்காகத் தொடங்கப்பட்டது. 1954ல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் கம்பெனியோடு பதினைந்து வருஷ ஒப்பந்தம் போட்டு லாரி செய்ய ஆரம்பித்தார்கள். 1969ல் ஒப்பந்தம் முடிந்ததும் நட்சத்திரம் போய் 'டி' என்ற எழுத்து வந்தது. எங்கள் வண்டி கடைசி நட்சத்திரங்களில் ஒன்று. எங்கள் பக்கம் பெரியவர்கள் வெகுநாள் வரைக்கும் இந்த வகையை 'பென்ஸ் லாரி' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது பென்ஸ் என்றால் வேறு ஆட்கள், வேறு கதை.

அதற்கு முன்னால் இங்கே லாரி எப்படி வந்தது? 1920களில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவுக்கு வந்து, பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டி விற்றார்கள். பம்பாயில் ஜெனரல் மோட்டார்ஸ் 1928ல் செவர்லே பூட்டத் தொடங்கியது. பெட்டியில் வந்தது பெரும்பாலும் சேஸ், இன்ஜின், முன்முகம் ஆகியவைதான். மேலே உட்கார இடமும் சரக்குக்குத் தொட்டியும் இங்கேதான் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டும் வேலை மோட்டாருக்கும் முந்தியது. சென்னையில் சிம்ப்சன் கம்பெனி 1840ல் குதிரை வண்டி கட்டத்தான் தொடங்கப்பட்டது. பிறகு மோட்டாருக்கும் பாடி கட்டினார்கள். சாரட்டுக்கு மரச்சட்டம் இழைத்த கைதான் பஸ்ஸுக்கும் சட்டம் இழைத்தது. ஜி.டி. நாயுடு 1920ல் பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு பஸ் விட்டதையும், அதற்கும் முன்னால் 1912ல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் சர்வீஸ் தொடங்கியதையும் பாடப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். ஆனால் அந்த பஸ்களின் பலகையையும் தகரத்தையும் அடித்தவர்கள் யார் என்று எந்தப் புத்தகமும் சொல்வதில்லை. (நம் சரித்திரப் புத்தகங்களுக்கு முதலாளி தெரியும், ஆசாரி தெரியாது.)

இரண்டாம் உலகப்போர் வந்ததும் பெட்ரோலுக்குப் பஞ்சம். வண்டியின் பின்னால் ஒரு இரும்பு உருளையை மாட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, வரும் வாயுவில் ஓட்டினார்கள். டி.வி.எஸ். தயாரித்த 'கேஸ் பிளாண்ட்' அப்போது பேர் பெற்றது. என் தாத்தா சிறுவயதில் கரி பஸ்ஸில் போனதாகச் சொல்வார். மேட்டில் இறங்கித் தள்ள வேண்டுமாம், இறங்கும்போது வெள்ளைச் சட்டை வெள்ளையாக இருக்காதாம். போர் முடிந்ததும் ராணுவம் வேண்டாமென்று ஒதுக்கிய லாரிகள் ஏலத்துக்கு வந்தன. 'டிஸ்போசல் வண்டி' என்று அதற்குப் பேர். ஃபோர்டு, செவர்லே ராணுவ லாரிகளை வாங்கி, ராணுவத் தொட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, நம் சரக்குக்கு ஏற்ற தொட்டியைக் கட்டி ஓட்டினார்கள். ஆக, அப்போதே ஒரு லாரியில் பாதி வேறு கண்டத்தில் செய்தது, பாதி உள்ளூர்ப் பட்டறையில் செய்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு, இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் இல்லாதவர்கள் வெறுமனே பூட்டி விற்கக் கூடாது என்று அரசு முடிவெடுத்தது. 1953, 54 வாக்கில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டினார்கள். மிஞ்சியவர்கள் சிலர்தான். எண்ணூரில் 1948ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955ல் பேர் மாறிய அசோக் லேலண்ட், டாட்ஜும் ஃபார்கோவும் செய்த பம்பாய் பிரிமியர், பெட்ஃபோர்டு செய்த ஹிந்துஸ்தான், அப்புறம் டாடா. இத்தனை பேர் இருந்தாலும் ஒரு பழக்கம் மட்டும் மாறவில்லை. தொழிற்சாலை கொடுப்பது சேஸ். லாரி ஆக்குவது பட்டறை.

சேஸ் என்றால் என்னவென்று சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஏணியைப் படுக்கப் போட்ட மாதிரி இரண்டு நீளமான இரும்புச் சட்டம், நடுவே குறுக்குச் சட்டங்கள், அதன்மேல் இன்ஜின், கியர்பாக்ஸ், கீழே அச்சும் பட்டையும் சக்கரமும். அவ்வளவுதான். கதவு இல்லை, கூரை இல்லை, சீட்டு இல்லை. இதை ஓட்டிக்கொண்டுதான் வருவார்கள். ஜாம்ஷெட்பூரிலிருந்து எங்கள் ஊருக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர். ஒரு பலகைப் பெட்டியைக் கட்டி அதன்மேல் சாக்கு போட்டு உட்கார்ந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வருவார்கள். வெயில், மழை, எதிரே வரும் லாரி கிளப்பும் புழுதி எல்லாம் நேராக முகத்துக்குத்தான். நெடுஞ்சாலையில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். எலும்புக்கூடு ஓடுகிற மாதிரி இருக்கும். தாத்தா வண்டி அப்படித்தான் வந்தது. முன்னால் மூக்கும் மட்கார்டும் கண்ணாடிக்குக் கீழே உள்ள தகடும் மட்டும் தொழிற்சாலையில் செய்தவை. அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே இங்கே கட்டியது.

இதனால்தான் ஒரே கம்பெனி, ஒரே வருஷம், ஒரே மாடல் என்றாலும் பஞ்சாப் லாரிக்கு ஒரு முகம், ராஜஸ்தான் லாரிக்கு ஒரு முகம், கேரளத்து லாரிக்கு ஒரு முகம். தூரத்தில் வரும்போதே எந்த ஊர் வண்டி என்று பெரியப்பா சொல்லிவிடுவார். நம்பர் பிளேட் தெரிய வேண்டியதில்லை. கண்ணாடிக்கு மேலே நெற்றி எவ்வளவு உயரம், ஓரம் எப்படி வளைகிறது, கதவுப் பலகை எங்கே முடிகிறது என்று பார்த்தே சொல்வார்.

எங்கள் பக்கம் இந்தத் தொழில் இவ்வளவு பெரிதானதற்குக் காரணம் மண்தான் என்று நினைக்கிறேன். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி எல்லாம் மழையை நம்பிய மேட்டுக்காடு. விவசாயத்தில் நிச்சயம் கிடையாது. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று பணம் போட்டு ஒரு வண்டி வாங்குவார்கள். ஒருவர் ஓட்டுவார், ஒருவர் கிளீனராகப் போவார். அது சம்பாதித்தால் இரண்டாவது வண்டி. வண்டிகள் பெருகியபோது அதைச் சுற்றித் தச்சர், கொல்லர், டிங்கர், பெயிண்டர், சீட்டுத் தைப்பவர், லேத்துக்காரர், பட்டைக்காரர் என்று ஊரே பட்டறை ஆனது. நாமக்கல்லில் லாரி பாடி, கரூரில் பஸ் பாடி, திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி என்று பேர் எடுத்தது அதன் பிறகுதான்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

வண்டியைப் பட்டறைக்குள் இழுத்ததும் பெரியப்பா என் கையில் ஒரு காந்தத்தைக் கொடுத்தார். கேபின் முழுக்க வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒட்டுகிற இடத்தில் தகடு இருக்கிறது, ஒட்டாத இடத்தில் வெறும் பட்டிதான் இருக்கிறது. வலது கதவின் கீழ்ப்பாதியில் காந்தம் எங்கேயும் ஒட்டவில்லை. ஓட்டம் நிற்பதற்கு முந்தைய வருஷம் யாரோ ஒரு பெயிண்ட் கடையில், துருவை வெட்டாமல் அதன்மேலேயே ஒரு விரல் கனத்துக்குப் பட்டி பூசிப் பளபளவென்று பெயிண்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். சுத்தியலால் தட்டினேன், தோசை மாதிரி கழன்று வந்தது. துரு எப்போதும் உள்ளேயிருந்துதான் வருகிறது. மரச்சட்டத்தின்மேல் தகட்டை ஆணி அடித்துப் பொருத்தியிருப்பார்கள், ஆணித் தலை தெரியாமல் மேலே பீடிங் பட்டை ஓடும். மழைத் தண்ணீர் அந்தப் பட்டைக்குள் இறங்கினால் மரம் அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். தகடு மாதக்கணக்கில் ஈரத்தின்மேலேயே சாய்ந்திருக்கும்.

மரம் எதற்கு, முழுக்க இரும்பிலேயே செய்திருக்கலாமே என்று நான் கேட்டேன். மெக்கானிக்கல் படிக்கிறவன் கேட்கிற கேள்வி. இதற்குப் பதில் சொன்னவர் எங்களுக்கு மரவேலை செய்து தந்த ஆசாரி தாத்தா. வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. பன்னிரண்டு வயதில் பாடி கட்டும் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். அவருடைய அப்பா மாட்டுவண்டி செய்தவர். "சேஸ் முறுக்குமுங்க தம்பி. ஒரு சக்கரம் குழியில எறங்குனா ஏணியே முறுக்கும். மரம் கூடவே முறுக்கிக் குடுத்துட்டுத் திரும்பி வரும். இரும்புன்னா எங்கியாவது விட்டுரும்." வகுப்பில் டார்ஷன் என்று ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்ததை நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டார். தொட்டிக்கும் சேஸுக்கும் நடுவில் கனமான நீளக்கட்டை வைத்து, துளை போடாமல் யு-போல்ட்டால் இறுக்கிக் கட்டுவதும் இதற்காகத்தான். சேஸில் கண்ட இடத்தில் வெல்டிங் வைப்பதையும் துளை போடுவதையும் பெரியப்பா பாவம் மாதிரி பேசுவார். சூடு பட்ட இடத்தில் விரிசல் விடும். எங்கள் வண்டியில் ஒரு குறுக்குச் சட்டம் விரிந்திருந்தது. பழைய ரிவெட்டுகளை வெட்டி எடுத்து, துளையைச் சரியான அளவுக்குச் சீவி, இறுக்கமாகப் பொருந்தும் போல்ட் போட்டுத்தான் புதியதை மாட்டினார். நாலு நாள் வேலை. வெல்டிங் வைத்திருந்தால் அரை மணி நேரம்.

இப்போது அந்தக் கதவு. வெளித்தகட்டைப் பிரித்ததும் உள்ளே இருந்த தகட்டில் எழுத்துகள் தெரிந்தன. மங்கிய நீலத்தில், கவிழ்ந்த நிலையில், ஆங்கிலத்தில் 'ஆயில்' என்ற மூன்று எழுத்து. அதற்கு மேலே இருந்ததைத் துரு தின்றுவிட்டது. பீப்பாய்! எண்ணெய் வந்த பீப்பாயை வெட்டி, தட்டி நேராக்கி, கதவின் உள்தகடாக வைத்துத் தைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தாத்தாவை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆசாரி தாத்தா சிரிக்கவில்லை. "அப்ப தகடு எங்கிங்க கெடச்சுது?" என்றார்.

அன்று ராத்திரி தேடிப் படித்தபோதுதான் அவர் சொன்னது புரிந்தது. போர்க்காலத்தில் வந்த இரும்புக் கட்டுப்பாடு சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. 1956ல் இரும்பு, எஃகு கட்டுப்பாட்டு ஆணை வந்தது. எஃகை யாருக்கு எவ்வளவு என்ன விலைக்குக் கொடுப்பது என்பதில் அரசின் கை இருந்தது. அணைக்கும் ஆலைக்கும் ரயிலுக்கும் போனது போக, மாவட்டத்து மூலையில் இருக்கும் ஒரு டிங்கர் பட்டறைக்குப் புதுத் தகடு எளிதில் கிடைக்கிற சரக்கு இல்லை. விலை, விநியோகக் கட்டுப்பாடுகள் விலகியது 1992 ஜனவரியில்தான், அதாவது தாத்தா வண்டியை நிறுத்துவதற்கு இரண்டு வருஷம் முன்னால். ஐந்தாண்டுத் திட்டங்களைப் பற்றிப் பத்து மார்க் கேள்விக்கு நானும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் அது எங்கள் வீட்டு லாரிக் கதவுக்குள் நீல எழுத்தில் இருக்கும் என்று நினைத்ததில்லை.

இந்த இடத்தில்தான் வீட்டில் சண்டை வந்தது. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், பெங்களூரில் வேலை. அவர் இணையத்திலிருந்து ஜெர்மனியில் ஓடிய இதே வகை பென்ஸ் லாரிகளின் படங்களை இறக்கி வைத்திருந்தார். வட்டமான எஃகு கேபின், பார்க்க அழகாகத்தான் இருந்தது. "மரத்தைத் தூக்கிப் போடுங்கப்பா. சிஎன்சில தகடு வெட்டி இதே மாதிரி செஞ்சிரலாம். அதுதான் ஒரிஜினல். இந்தக் கேபின் யாரோ லோக்கல்ல அடிச்சது" என்றார். இன்னொரு பக்கம் பெரியப்பா. அவர் வாதம் செய்யத் தெரியாதவர். "உங்க தாத்தன் இதுக்குள்ளதான் உக்காந்திருந்தாரு" என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய வண்டியைப் புதுப்பிப்பது பற்றி இணையத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் வைத்துத்தான் எழுதுகிறார்கள். உதாரணமாக அமெரிக்க டாட்ஜ் பவர் வேகன். உலகப்போரில் ராணுவத்துக்குச் செய்த லாரியிலிருந்து பிறந்தது, 1946ல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்து 1968 வரை அங்கே விற்றது. பண்ணை, சுரங்கம், காடு என்று உழைத்த வண்டி. அதன் கேபின் தொழிற்சாலை அச்சில் அடித்தது. எனவே ஒவ்வொரு தகட்டுக்கும் பார்ட் நம்பர் உண்டு, துருப்பிடித்த மூலைக்குப் பதில் மூலை விலைக்கே கிடைக்கும். அங்கே ஒரிஜினல் என்ற சொல்லுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. எங்கள் கேபினுக்குப் படம் இல்லை, அளவு இல்லை, நம்பர் இல்லை. கட்டியவர் பேரும் இல்லை. ஜெர்மன் கேபினைச் செய்து வைத்தால் பார்க்கிறவர்கள் ஒரிஜினல் என்று மெச்சுவார்கள். ஆனால் இந்த வண்டி ஒரு நாளும் அந்தக் கேபினோடு ஓடியதில்லை. இல்லாத ஒன்றைச் செய்துவைத்து அதற்கு ஒரிஜினல் என்று பேர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு ஃபிவா, 2013ல் டுரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. கோயில் கோபுரத்தைப் பாதுகாப்பதற்குச் சொல்கிற மாதிரியே வண்டிக்கும் சொல்கிறார்கள். வண்டி உழைத்த காலத்தில் அதற்கு நடந்த மாற்றங்களும் அதன் சரித்திரம்தான், அதை அழிக்காதே. புதிதாக வைக்கும் பாகத்தில் கண்ணை உறுத்தாத நிரந்தரக் குறி போடு, பின்னால் வருகிறவன் பழையது எது புதியது எது என்று ஏமாறக் கூடாது. இதை நான் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. அடுத்த வாரம் மரத்துக்குப் பணம் அனுப்பினார்.

அதற்குப் பிறகு வேலை வேகமாகப் போனது என்று சொல்ல ஆசை. போகவில்லை, பாதிக் காரணம் நான். கதவுக்கு 18 கேஜ் தகடு, அதாவது ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர். துருவைத் தாண்டி நல்ல இரும்பு வரும் வரைக்கும் வெட்டி எடுத்து, அதே வடிவத்தில் துண்டு வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் முட்டவைத்துப் பற்றவைக்க வேண்டும். மேலேற்றி வைத்தால் நடுவில் தண்ணீர் நின்று மறுபடி துரு. இதை ஒழுங்காகச் செய்தேன். பற்றவைக்கும்போதுதான் புத்தி கெட்டது. இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி ஒரு புள்ளி, ஆறவிட்டு நடுவில் ஒரு புள்ளி என்று போக வேண்டும். பெரியப்பா சாப்பிடப் போன நேரத்தில் நான் ஒரே கோடாக முழு நீளத்துக்கும் இழுத்துவிட்டேன். கண் முன்னாலேயே கதவு அப்பளம் மாதிரி நெளிந்தது. முழங்கைத் தீக்காயமும் அன்றைக்கு வந்ததுதான். காயத்தைவிட, திரும்பி வந்த பெரியப்பா ஒன்றுமே திட்டாமல் நின்றதுதான் அதிகம் வலித்தது.

அவர் அதை மீட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். கேஸ் வெல்டிங் பற்றவைத்தார். அந்தக் காலத்தில் கார்பைடு கல்லில் தண்ணீர் விட்டு அசிட்டிலின் எடுப்பார்கள் (மாங்காயைத் திருட்டுத்தனமாகப் பழுக்கவைக்கும் அதே கல்தான்), இப்போது சிலிண்டர். நெளிந்து மேடான இடத்தின் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மட்டும் சிவக்கச் சூடேற்றினார். கீழே கையடைகல்லை முட்டுக்கொடுத்து மேலே நாலு தட்டு, உடனே ஈரத்துணி. நீண்டுபோன தகடு அந்த இடத்தில் சுருங்குகிறது. இன்னொரு இடம். இன்னொரு இடம். சாயங்காலம் வரைக்கும் இப்படியே போனது. ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "கண்ணு பொய் சொல்லும், கை சொல்லாது கண்ணு" என்றார். முதல் கண்ணு எது, இரண்டாவது கண்ணு எது என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

மட்கார்டின் ஓரம் இன்னொரு பாடம். தகட்டின் விளிம்புக்குள் கம்பியை வைத்துச் சுருட்டியிருப்பார்கள், பலத்துக்கும், கையை வெட்டாமல் இருக்கவும். அதற்குக் கம்பியின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு தகடு மிச்சம் விட வேண்டும் என்று என் பாடப் புத்தகம் சொல்கிறது. பெரியப்பா கம்பியைத் தகட்டின் ஓரத்தில் வைத்து நகத்தால் ஒரு கீறல் போட்டார். நான் ஸ்கேலால் அளந்தேன். 6 மில்லிமீட்டர் கம்பி, 15 மில்லிமீட்டர் மிச்சம். அன்றைக்கு என் இன்ஜினியரிங் படிப்பின்மேல் எனக்கு மரியாதை கூடியதா குறைந்ததா என்று இன்னும் தெரியவில்லை.

மரச்சட்டத்துக்கு ஆசாரி தாத்தா டேப் எடுக்கவில்லை. பழைய சட்டத்தின் ஒவ்வொரு அளவையும் ஒரே மூங்கில் குச்சியில் கோடு கோடாகக் கிழித்துக்கொண்டார். உளுத்துப்போன துண்டுகளைக்கூட எறியாமல் தரையில் வரிசையாக அடுக்கி, அது எப்படிப் பொருந்தியிருந்தது என்று பார்த்துப் பார்த்துச் செய்தார். அவருடைய இரண்டு மகன்களும் இந்த வேலைக்கு வரவில்லை. வந்திருந்தாலும் கேபின் கட்டும் வேலை இன்று எத்தனை பேருக்கு இருக்கும்? லாரி கேபினுக்குப் பாதுகாப்பு விதிகள் வந்துவிட்டன, தொழிற்சாலையே கேபினோடு கொடுப்பது பெருகிவிட்டது. 2025ல் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்ற விதியும் வந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மரக் கேபினுக்குள் இன்ஜின் சூட்டில் இரண்டாயிரம் கிலோமீட்டர் உட்கார்ந்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும், விபத்தில் அந்தப் பலகை எத்தனை பேரைக் காப்பாற்றவில்லை என்பதும் தெரியும். தாத்தாவின் இடது பாதம் கடைசிவரை கறுத்தே இருந்தது.

பீப்பாய்த் தகட்டை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். எழுத்து இருந்த பகுதி அப்படியே இருக்கிறது. அழுகின ஓரத்தை மட்டும் வெட்டிப் புதுத் தகடு சேர்த்து, துருநீக்கி தடவி, எழுத்தின்மேல் நிறமில்லாத பூச்சும் மற்ற இடத்தில் ரெட் ஆக்சைடும் அடித்தோம். சேர்த்த ஒவ்வொரு துண்டின் உட்பக்கத்திலும் பெரியப்பா பஞ்சால் வருஷத்தைக் குத்தினார். சாசனத்தில் இப்படிச் சொல்லியிருக்கிறது என்று நான் சொன்னபோது, "எவன் சொன்னா என்ன, நாளைக்கு இதப் பிரிக்கிறவன் திட்டக்கூடாதுல்ல" என்றார்.

கடைசியாகச் சட்டம். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். முதல் பதிவாகி ஐம்பது வருஷம் தாண்டியிருக்க வேண்டும். பத்து வருஷத்துக்குச் செல்லும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். நான் சந்தோஷமாக விதியை முழுக்கப் படித்தேன். சொந்த உபயோகத்துக்கான இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் மட்டுமே. எங்களுடையது சரக்கு வண்டி, போதாக்குறைக்குச் சக்கரம் ஆறு. அதோடு, வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ராஜாக்களின் காருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை இது. ஜாம்ஷெட்பூரிலிருந்து கதவே இல்லாமல் வந்த வண்டிக்கு அசல் வடிவம் எது என்று எந்த அதிகாரியிடம் போய்க் கேட்பது? அந்த எலும்புக்கூடா? ஐம்பது வருஷம் நாட்டின் உப்பையும் சிமெண்டையும் சுமந்த வண்டிகளுக்கு அந்த விதியில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் வருத்தம். பெரியப்பாவுக்கு அந்த வருத்தமும் இல்லை. அவர் மனு எழுதச் சொல்லியிருக்கிறார், எழுதிக்கொண்டிருக்கிறேன்.

காலேஜ் திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் இன்ஜின் ஓடியது. ஆறு சிலிண்டரில் ஒன்று முதலில் பேசவில்லை, பத்து நிமிஷம் கழித்து அதுவும் சேர்ந்துகொண்டது. பெரியம்மா எலுமிச்சம்பழம் வைத்தார். ரோட்டில் ஏற்ற அனுமதி இல்லை என்பதால் பட்டறையிலிருந்து வேப்பமரம் வரைக்கும் போய் ரிவர்ஸில் திரும்பி வந்தோம். எண்பது அடி இருக்கும். ஆசாரி தாத்தா கிளீனர் பக்கம் உட்கார்ந்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் கூரைச் சட்டத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். இறங்கியதும் சுத்தியலை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார். இடது மூலையில் ஒரு ஆணி கிறீச்சிடுகிறதாம். எங்கள் யாருக்கும் அது கேட்கவில்லை.